பழுது இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும்

பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பணம் உதிரி பாகங்களின் விலையால் கரைவதில்லை. நன்றாக இருக்கும் பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவதால்தான் கரைகிறது. எங்கள் வீட்டில் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட அம்பாசடர் நிற்கிறது. உத்தரப்பாரா தொழிற்சாலையில் 2014-இல் உற்பத்தி நின்ற பிறகும் இதை நான் ஓட்டிக்கொண்டிருக்க முடிகிறதென்றால், காரணம் ஒரே பழக்கம்தான்: காரணம் தெரியும்வரை எதையும் மாற்றுவதில்லை.

இந்த வண்டிகளில் ஆளை அலைக்கழிப்பது கோடையில் வரும் ஒரு கோளாறு. நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று இரண்டு திணறு திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டுச் செல்ஃப் அடித்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோகும்போது அங்கே பார்க்க எந்தக் கோளாறும் இருக்காது. அதனால் பட்டறையில் ஊகத்தின்பேரில் கார்புரேட்டர் கிட்டை மாற்றுவார்கள், அடுத்த வாரம் பெட்ரோல் பம்ப்பை மாற்றுவார்கள். அம்பாசடரிலேயே தலை நரைத்த ஒரு மெக்கானிக் என்னிடம் சொன்னார்: "தம்பி, நின்னுட்ட அந்த நிமிஷமே பானெட்டைத் தூக்குங்க. ஆறினதுக்கப்புறம் பார்த்து என்ன கண்டுபிடிப்பீங்க?"

அப்படி நின்றால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, பெட்ரோல் ஆவியாவது. பம்ப் எஞ்சினின் பக்கவாட்டிலேயே போல்ட் அடித்திருப்பதால், அந்தச் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்த பம்ப்பால் ஆவியைத் தள்ள முடியாது. மற்றொன்று, இக்னிஷன் காயிலோ கண்டென்சரோ சூட்டில் மடங்குவது. இரண்டும் ஆறியதும் சரியாகிவிடும் என்பதால்தான் குழப்பமே வருகிறது.

பிரித்தறிவது கடினமில்லை. வண்டி நின்ற கையோடு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் போகும் தடித்த ஒயரை மூடியின் பக்கம் உருவி, நல்ல ரப்பர் உறை போட்ட பிளையரால் பிடித்து, அதன் முனையை எஞ்சினின் இரும்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். நீல நிறத்தில் சுளீரென்று பொறி பாய்ந்தால் மின்சாரப் பக்கம் நன்றாக இருக்கிறது. ஒயரைத் திரும்பச் செருகிவிட்டு, பம்ப்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணியைப் போடுங்கள். சில நிமிடங்களில் வண்டி கிளம்பினால் ஆவிதான் காரணம். அந்தக் குழாயைச் சைலன்சர் பக்கச் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டினால் போதும், பம்ப்பை மாற்ற வேண்டியதில்லை. பொறி மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். ஒரு முகத்தில் பள்ளமும் எதிர்முகத்தில் மேடும் விழுந்திருந்தால் முதல் சந்தேகம் கண்டென்சர்மேல். புதுப் பாயிண்ட் போடும்போது இடைவெளியைக் கண்ணளவில் வைக்காதீர்கள். ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்துங்கள்.

காலையில் செல்ஃப் இழுக்காமல் முனகினால் எல்லோரும் பேட்டரிக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் அந்தச் செலவு தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம். இரவு முழுக்கச் சும்மா இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். காயிலுக்குப் போகும் சிறிய ஒயரைக் கழற்றிவிட்டுச் செல்ஃப் அடியுங்கள், அப்போது 9.6 வோல்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பேட்டரி 11 வோல்டுக்கு அருகில் நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் சோம்புகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடியுங்கள். அரை வோல்டோ அதற்கு மேலோ காட்டினால் எர்த் பட்டையில் துரு ஏறியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் தீர்கிற வேலை அது. இந்த ஒரு சோதனையைப் பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கற்றே ஆக வேண்டும் என்பேன்.

சூடேறும் வண்டிகளில் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடுவது நம்மூர்ப் பட்டறைகளில் வெகுநாள் வழக்கம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. வால்வு இல்லாத எஞ்சின் தேவையான சூட்டுக்கு வர வெகுநேரம் பிடிக்கிறது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, உள்ளே தேய்மானமும் கூடுகிறது. வால்வைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பாருங்கள், திறக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்கையில் குமிழ்கள் நிற்காமல் வந்தால் மட்டும் ஹெட் கேஸ்கட்டைப் பற்றிக் கவலைப்படலாம்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்த வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். காரணம் தேடாமல் மாற்றலாம் என்று நான் சொல்வது இது ஒன்றைத்தான், ஏனென்றால் இங்கே தாமதித்தால் தீப்பிடிக்கும்.

டீசல் ஜீப், பழைய 407 லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஃபில்டர் மாற்றியபின் வண்டி எடுக்காவிட்டால் பம்ப்பைச் சந்தேகிக்காமல் முதலில் ஏர் எடுங்கள். ஃபில்டரின்மேல் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரையில்லாமல் டீசல் வரும்வரை கைப் பம்ப்பை அடிக்க வேண்டும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. செங்கலும் முட்டு ஆகாது, நொறுங்கிவிடும். இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் டிரம்மில் படிந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

உதிரி வாங்கச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனாலும் உள்ளூர்க் கடைக்குப் போனாலும் கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவேன். இன்னும் உயிரோடிருக்கும் பழைய காயில், கண்டென்சர், ஃபேன் பெல்ட் எல்லாம் துடைத்து டிக்கியில் இருக்கும். வழியில் சந்தேகம் வந்தால் அவற்றை மாட்டிப் பார்த்தே விடை தெரிந்துகொள்ளலாம்.