கட்டுப்பாட்டுச் சர்வர்களும் குறைவெண்ணும்

மாநில அரசுத் துறையொன்றின் கணினி மையத்தில் இருநூறு சர்வர்கள் இயங்குகின்றன எனக் கொள்வோம். எந்தப் பணி எந்தச் சர்வரில் நடைபெற வேண்டும், பழுதுற்ற சர்வரின் பணியை எதற்கு மாற்ற வேண்டும் என்பனவற்றை முடிவு செய்வது கட்டுப்பாட்டுச் சர்வர் ஆகும். அது நின்றுவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் பணிகள் உடனே நின்றுவிடுவதில்லை. ஆயினும் அடுத்து விழும் சர்வரைத் தூக்கி நிறுத்த ஆளிராது. ஓய்வூதியப் பட்டியல் தயாராகும் மாதக் கடைசியில் இந்நிலை நேர்ந்தால் அதன் சுமையைத் தாங்குவோர் முதியவர்களே.

சேவையின் அளவுகோலைச் சதவீதத்தில் கூறுவது வழக்கம். ஆண்டில் 99.9 சதவீத நேரம் இயங்கும் என்றால், ஏறக்குறைய 8 மணி 46 நிமிடம் நிற்கலாம் என்பது பொருள். 99.99 சதவீதமாயின் 53 நிமிடத்துக்கும் குறைவு. ஒரே கட்டுப்பாட்டுச் சர்வரை வைத்துக்கொண்டு இரண்டாவது அளவை எட்ட இயலாது. ஆகவே அதற்குப் பிரதிகள் தேவைப்படுகின்றன.

இரண்டு ஏன் போதாது?

ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் போதும் என்றே பலரும் முதலில் எண்ணுவர். இரண்டுக்கும் இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்துவிட்டால் என்ன நிகழும்? ஒவ்வொன்றும் மற்றது இறந்துவிட்டது எனக் கருதித் தானே தலைமை ஏற்கும். இருவேறு ஆணைகள் பிறக்கும். ஒரே பதிவேட்டில் முரண்பட்ட இரு பதிவுகள் விழும். சேவை நிற்பதைவிட இது கொடியது. நின்ற சேவையை மீண்டும் தொடங்கலாம், முரண்பட்ட பதிவேட்டைச் சீர்செய்வது எளிதன்று.

இதற்கான தீர்வு ஊராட்சிக் கூட்டம் நடத்தியோருக்குப் புதிதன்று. குறைவெண் இல்லாத கூட்டத்தில் தீர்மானம் செல்லாது. கணினியுலகிலோ குறைவெண் என்பது பாதிக்கு மேற்பட்ட பெரும்பான்மையாகும். மூன்று சர்வர்களில் இரண்டு ஒப்பினால்தான் பதிவு செல்லும்; பிளவு நேரும்போது சிறுபான்மைப் பக்கம் தானாகவே வாய்மூடி நிற்கும். லெஸ்லி லாம்போர்ட் 1998-இல் வெளியிட்ட பேக்சோஸ் முறையும், ஓங்காரோவும் ஔஸ்டர்ஹவுட்டும் 2014-இல் வெளியிட்ட ராஃப்ட் முறையும் இவ்வடிப்படையிலேயே அமைந்தவை. மூன்று சர்வர்கள் ஓர் இழப்பைத் தாங்கும், ஐந்து இரண்டைத் தாங்கும். நான்கோ மூன்றைப் போலவே ஒன்றை மட்டுமே தாங்கும். நான்காவதற்கான செலவு வீண். கொள்முதல் கோப்புகளில் இரட்டைப்படை எண்ணைக் காணும் அதிகாரி காரணம் கேட்பது நன்று.

எங்கே வைப்பது?

மூன்றையும் ஒரே அடுக்கில், ஒரே மின்கலத் தொகுதியின்கீழ் வைத்தால் அவை பெயரளவில்தான் மூன்று. இரு நகரங்களில் பிரித்து வைத்தாலும் குறை நீங்குவதில்லை. பெரும்பான்மை எந்த நகரில் இருக்கிறதோ அந்நகர் வீழ்ந்தால் எஞ்சியவை செயலற்றுப் போகும். மூன்றாவதாக ஓரிடம் வேண்டும். அங்கே வாக்களிக்க மட்டும் ஒரு சிறு சர்வர் இருந்தாலும் போதும்.

தொலைவுக்கும் விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 2,000 கிலோமீட்டர் நீளமுள்ள இணைப்பில் செய்தி போய்த் திரும்பக் குறைந்தது 20 மில்லி வினாடியாகும். தொலைவிலுள்ள சர்வரின் ஒப்புதல் தேவைப்படும் ஒவ்வொரு பதிவும் அவ்வளவு நேரம் காத்திருக்கும்.

இன்னொன்றையும் கூற வேண்டும். பிரதி வேறு, காப்பு நகல் வேறு. ஊழியர் ஒருவர் தவறுதலாக அழித்த பதிவு எல்லாப் பிரதிகளிலும் நொடியில் அழிந்துவிடும். ஒரே நாளில் காலாவதியாகும் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாச் சர்வர்களையும் ஒருசேர வீழ்த்தும். எனவே தனியே நகல் எடுத்து வைப்பதிலிருந்து விலக்கு இல்லை.

2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தையில் முற்பகல் 11.40 மணிக்கு வணிகம் நின்றது. இரு நிறுவனங்களிடமிருந்து பெற்ற தொலைத்தொடர்பு இணைப்புகளும் பழுதுற்றன. இடர்ப்பாட்டுக் கண்காணிப்பு அமைப்பு கிடைக்கவில்லை. வேறு நகரில் மாற்று மையம் இருந்தும் வணிகம் அங்கு மாற்றப்படவில்லை. பிற்பகல் 3.45-க்கே மீண்டும் தொடங்கியது. அதன்பின் மார்ச் மாதத்தில் செபி புதிய விதி வகுத்தது: முக்கிய அமைப்பு தடைப்பட்டால் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்துக்கு மாற வேண்டும். மாறுவதென யார், எப்போது முடிவு செய்வது என்பது இங்கே கால வரையறையுடன் எழுதப்பட்டது. சர்வர்களுக்குக் குறைவெண் விதித்த துறைகள் பலவும் அலுவலர்களுக்கு இத்தகைய விதியை எழுதி வைப்பதில்லை.

ஒத்திகையும் ஏட்டளவில் நிற்கவில்லை. 2024 மார்ச் 2, சனிக்கிழமையன்று பங்குச் சந்தைகள் இதற்கெனவே தனி அமர்வு நடத்தின. முதற்பகுதி வணிகம் முதன்மை மையத்திலும், இடைவேளைக்குப் பின் மாற்று மையத்திலும் உண்மையான பணத்துடன் நடைபெற்றது.