பைன் கன்றுக்கு ஒரு பிடி காட்டு மண்

நல்ல மண் எது? உரம் நிறைந்த மண் என்று நம்மில் பலர் உடனே விடை கூறுவோம். வனவியல் மாணவன் என்ற முறையில், அந்த விடை பைன் கன்றுக்குப் போதாது என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன்.

கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் இயற்கையாக வளர்வதில்லை. 1930களிலிருந்து அங்குப் பலமுறை விதைத்துப் பார்த்தனர். விதைகள் முளைத்தன; ஆனால் சில அங்குலம் வளர்ந்ததும் கன்றுகள் மஞ்சளித்து மடிந்தன. 1955இல், அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் மரங்களின் அடியிலிருந்து கொண்டுவந்த மண்ணைச் சில கன்றுகளுக்கு இட்டனர். அவை பச்சை பிடித்து விரைவாக வளர்ந்தன. மற்றவையோ குன்றியே நின்றன.

அந்த மண்ணில் இருந்தது என்ன? கண்ணுக்கு எளிதில் புலப்படாத பூஞ்சை. பூஞ்சையும் வேரும் இணைந்த இவ்வமைப்புக்கு, ஏ. பி. ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1885இல் 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். தமிழில் 'பூஞ்சைவேர்' எனலாம். பூஞ்சை சிறுவேர்களை உறைபோல் மூடிக்கொள்கிறது. அதன் நுண்ணிழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்து நீரையும் பாஸ்பரசையும் கொண்டுவருகின்றன. கைம்மாறாக மரம் சர்க்கரை தருகிறது.

இனி, நாற்றங்காலில் மண்ணை எப்படிப் பண்படுத்துவது?

முதலாவது, மண் சற்றே புளித்தன்மை உடையதாக இருக்க வேண்டும். காரஅமில அளவு 5 முதல் 6 வரை இருப்பது நல்லது. சுண்ணாம்போ சாம்பலோ மிகுந்தால் நாற்றழுகல் நோய் எளிதில் தாக்கும்.

இரண்டாவது, நீர் தேங்கக்கூடாது. களிமண்ணாயின் பருமணல் கலக்கலாம்.

மூன்றாவது, மரத்தூளைப் பச்சையாக இடக்கூடாது. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்வதால் கன்றுகள் வெளிறிப்போகும். நன்கு மட்கிய பின்னரே இட வேண்டும்.

நான்காவது, நோயற்ற பைன் தோப்பின் மேல்மண்ணைப் பத்தில் ஒரு பங்கு கலக்கலாம். தொலைவிலிருந்து கொண்டுவரும் மண்ணோடு நோய்க்கிருமிகளும் வரக்கூடும். ஆகவே, அருகிலுள்ள தோப்பே பாதுகாப்பானது.

ஐந்தாவது, பாஸ்பரஸ் உரத்தை அளவோடு இட வேண்டும். அது மிகுந்தால் பூஞ்சை வேரில் பற்றுவது குறையும். மண்ணை நச்சுப்புகையால் தூய்மைப்படுத்தினால் நோய்க்கிருமியோடு இந்த நண்பனும் அழியும்; பின்னர் மீண்டும் பூஞ்சையைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பூஞ்சை பற்றியதா என்பதை அறிய, ஒரு கன்றை மெதுவாக எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். சிறுவேர்கள் தடித்து, கவைபோல் இரண்டிரண்டாகப் பிரிந்திருந்தால் பூஞ்சை பற்றியிருக்கிறது என்று கொள்ளலாம்.

மலேசியாவில் பைன் இயற்கை மரமன்று. நமக்கு அருகில் சுமத்திராவில்தான் அது தானே வளர்கிறது. அப்படியிருக்க, இப்பாடம் நமக்கு எதற்கு? நம் காடுகளின் மெராந்தி போன்ற மரங்களும் இதேவகைப் பூஞ்சையோடு வாழ்பவை. காட்டை அழித்து மேல்மண்ணையும் வழித்தெடுத்துவிட்டால், பிறகு நடும் கன்றுக்குத் துணை இராது. மரத்தை மீண்டும் நட நினைப்போர் முதலில் மண்ணின் உயிரைக் காக்க வேண்டும்.