நெல்லை மாற்றினால் ரத்தச்சோகை தீருமா?

கேள்வி: எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வாய்க்கால் பாசன நிலம். சம்பா நெல், அறுப்புக்கு முன் உளுந்து தெளிப்பு. இரண்டரை வயது மகளுக்கு ரத்தச்சோகை என்று அங்கன்வாடியில் சொன்னார்கள். துத்தநாகச் சத்து கூடிய நெல் வந்திருக்கிறதாமே, அதற்கு மாறலாமா? அது மரபணு மாற்றிய பயிரா?
– வாசகி, புவனகிரி

பதில்: டாக்டர் இரும்புச்சத்து சிரப் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள், குடற்புழு மாத்திரையையும் விடாதீர்கள். ரத்தச்சோகைக்கு அவைதான் மருந்து. பயிர் மூலம் வரும் சத்து மெல்லத்தான் சேரும். உங்கள் வளர்ப்பில் ஏதோ குறை என்று மனம் கலங்கவும் வேண்டாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தச்சோகை இருந்தது.

நீங்கள் கேட்கும் நெல் மரபணு மாற்றியதல்ல. ரகங்களை ஒட்டுச்சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் பழைய முறையில் உருவானது. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ‘டி.ஆர்.ஆர். தான் 45’ (DRR Dhan 45) என்ற ரகத்தில், தீட்டிய அரிசியிலேயே கிலோவுக்கு 22.6 மில்லிகிராம் துத்தநாகம் உண்டு. சாதாரண ரகங்களில் 12 முதல் 16 வரைதான். உங்கள் மகள் வயதுக்கு நாளொன்றுக்கு 3.3 மில்லிகிராம் தேவை. 100 கிராம் அரிசியில் சுமார் 2.3 கிடைப்பது பெரிய உதவி. பிள்ளை வளரவும், வயிற்றுப்போக்கிலிருந்து சீக்கிரம் தேறவும் துத்தநாகம் வேண்டும்.

ஆனால் ரத்தம் ஊறத் தேவை இரும்பு. அது இந்த நெல்லிலும் சொற்பம்தான், தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. 100 கிராம் வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் ஆறுக்கு மேல். இரும்பு கூட்டிய தனசக்தி கம்பில் ஏழு. விருத்தாசலம் பக்கம் விளையும் நல்ல கம்பே அரிசியைவிடப் பல மடங்கு மேல் என்பதால், தனசக்தி விதை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கர்நாடகத்தின் பெலகாவியில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், இரும்பு கூடிய கம்பு உண்ட பிள்ளைகளின் உடம்பில் சாதாரணக் கம்பு உண்டபோது சேர்ந்ததைவிடக் கூடுதல் இரும்பு சேர்ந்தது.

கம்பை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் உலர்த்தி, லேசாக வறுத்து மாவாக்குங்கள். இரும்பைப் பிடித்து வைக்கும் பைட்டேட் முளைகட்டும்போது குறைகிறது. கம்பு மாவு சீக்கிரம் காறிவிடும். கசந்த கஞ்சியைப் பிள்ளை துப்பிவிட்டு, அப்புறம் கம்பு என்றாலே வாயை மூடிக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு மட்டும் அரையுங்கள். கஞ்சியோடு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும். சாப்பாட்டை ஒட்டி டீ கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். டீயும் பொறையும் நம் ஊர்ப் பிள்ளைகளின் காலை ஆகாரமாகிவிட்டதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

என் பெரிய கவலை, பிள்ளையின் சாப்பாட்டில் சேர வேண்டிய உளுந்தைப் பற்றியது. விலை வந்ததும் மொத்த மூட்டையும் வியாபாரிக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு மிஞ்சுவது கடையில் வாங்கும் கால் கிலோ. நெல்லும் அப்படித்தான் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது, வீட்டில் ரேஷன் அரிசி வேகிறது. கொள்முதல் நிலையத்தில் துத்தநாகத்துக்குத் தனி விலை கிடையாது. விளைந்தது வீட்டில் தங்காவிட்டால் எந்த ரகம் விதைத்தும் உங்கள் மகளுக்குப் பயனில்லை. தெளிக்கும்போதே, இவ்வளவு உளுந்து வீட்டுக்கு என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

ஆகவே முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். மேட்டுப்பாங்கான இருபது சென்டில், வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் துத்தநாகம் கூடிய நெல்லை நடுங்கள். வயது சுமார் 125 நாள். ஆடியில் விதைத்தால் அறுப்பு கார்த்திகை அடைமழையில் மாட்டிக்கொள்ளும். புரட்டாசிக்குத் தள்ளினால் தையில் அறுக்கலாம். டெல்டா மண்ணில் துத்தநாகம் குறைவு. மண்ணில் இல்லாததை எந்த ரகமும் எடுத்துக் கொடுக்காது, ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட் என்ற கணக்கில் கடைசி உழவில் போடுங்கள். தழைச்சத்து உரத்தோடு அதைக் கலக்கலாம், சூப்பர் பாஸ்பேட்டோடு கூடாது. வீரிய ஒட்டுரகம் (ஹைப்ரிட்) அல்ல என்பதால் முதல் அறுப்பிலிருந்தே அடுத்த ஆண்டு விதையை எடுத்து வைத்துக்கொள்ளலாம். விதை எங்கே கிடைக்கும் என்று விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.