பதினொரு மணிப் பசி
(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

மூன்றாம் பாடவேளை முடியும் தறுவாயில் எங்கள் வகுப்பில் ஓர் ஓசை எழும். அது யாருடைய வயிற்றிலிருந்து எழுந்தது என்று ஆசிரியை ஆராய்ந்ததில்லை; நாங்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். காலை ஏழரை மணிக்கு உண்டது எங்கே போயிற்று? மதிய உணவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே! இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது நான் கற்றவற்றையும், அதற்கு முன் நானே செய்த ஒரு பிழையையும் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். பிழையைப் பற்றி எழுத முதலில் தயங்கினேன். என்னைப் போலவே மறைத்து வைத்த நோட்டுடன் நடமாடும் தோழியர் வேறு வகுப்புகளிலும் உண்டு என்று அறிந்தபின் தயக்கம் நீங்கிற்று.

பசி என்பது வயிறு காலியாக இருப்பதுதான் என்று நாம் எண்ணுகிறோம். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேனன் என்னும் அறிஞரும் அப்படித்தான் எண்ணினார். அவருடைய மாணவர் வாஷ்பர்ன் ஒரு சிறு பலூனை விழுங்கி, அதைக் குழாய் வழியே ஒரு கருவியுடன் இணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவருக்குப் பசி கிள்ளும்போதெல்லாம் இரைப்பை சுருங்குவதைக் கருவி காட்டிற்று. ஆசிரியருக்காகப் பலூனை விழுங்கிய அந்த மாணவரின் பொறுமையை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. நாமோ வீட்டுப்பாடம் எழுதவே முகம் சுளிக்கிறோம். ஆனால், நோயின் காரணமாக இரைப்பையை அகற்றிவிட்டவர்களுக்கும் பசி எடுப்பதைப் பின்னர் மருத்துவர்கள் கண்டனர். ஆகவே இரைப்பையின் சுருக்கம் மட்டுமே பசி ஆகாது.

1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் கிரெலின் என்ற சுரப்புப் பொருளைக் கண்டுபிடித்தனர். இது பெரும்பாலும் இரைப்பையில் சுரந்து, இரத்தத்தின் வழியே மூளைக்குச் சென்று, 'உணவு வேண்டும்' என்று அறிவிக்கிறது. நாம் வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்கும்போது இது உயர்ந்து, உண்டபின் தாழ்ந்துவிடும். பதினொரு மணிக்குத் தினந்தோறும் ஏதேனும் கொறிக்கிறவளுக்குப் பதினொரு மணிக்கே பசிப்பதன் காரணம் இதில் ஒரு பகுதி விளங்குகிறது. இதற்கு எதிராக, உடலில் கொழுப்புச் சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது என்று அறிவிக்கும் லெப்டின் என்ற பொருளும் உண்டு. அது 1994-இல் கண்டறியப்பட்டது. நாம் உணவை வெகுவாகக் குறைத்தால் லெப்டின் தாழ்கிறது, கிரெலின் ஏறுகிறது. அதாவது, உண்ணாமல் இருக்க நாம் எவ்வளவு முயல்கிறோமோ அவ்வளவுக்கு உடல் நம்மை உணவை நோக்கி இழுக்கிறது. இதை அறியாமல்தான் நான் தொடங்கினேன்.

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதுவே உணவுக் கணக்கில் வரும் கலோரி. (இயற்பியல் பாடத்தில் வரும் கலோரியைப் போல் இது ஆயிரம் மடங்கு. தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்!) மாவுப்பொருள் ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்ற கணக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலார் ஆட்வாட்டர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 5 கிராம். ஆகவே 20 கலோரி. இப்படிக் கூட்டிக்கொண்டே போகலாம். கூட்டல் கணக்கு எனக்குப் பிடித்தமானது. வினையும் அங்கேதான் விளைந்தது.

ஒன்பதாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் ஓர் உறவினர் திருமணத்தில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை நன்றாகப் பூரித்துவிட்டாளே" என்று ஒரு பெரியம்மா சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அன்றிரவே நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, உண்பதை எல்லாம் எழுதத் தொடங்கினேன். பள்ளி திறந்ததும் காலை உணவை விட்டுவிட்டேன். இட்டிலி ஒன்று ஏறத்தாழ 60 கலோரி; மூன்று இட்டிலியும் சட்டினியும் சாம்பாரும் சேர்த்து 250 என்று வைத்து, அதை மிச்சம் பிடித்ததாக மகிழ்ந்தேன். அம்மாவிடம், "பள்ளியில் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலை வழிபாட்டில் நின்றுகொண்டிருந்தபோது முன்னால் நின்றவளின் பின்னல் இரண்டாகத் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது வெயில் அன்று. முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்டவள் மறுநாள் பகல் பதினொரு மணி வரை உண்ணாவிட்டால் இடைவெளி பதினைந்து மணி நேரம். இரவில் நாம் உறங்கும்போதும் உடல் வேலை செய்கிறது. கல்லீரலில் சேமித்த சர்க்கரைப் பொருளிலிருந்து எடுத்துச் செலவிடுகிறது. நாம் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. காலையில் அந்தச் சேமிப்பு குறைந்திருக்கும் வேளையில் இயற்கணிதம் கற்க வருகிறோம்.

நோட்டில் இருந்த இன்னொரு பொய்யையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் வீடு திரும்பியதும், புத்தகப் பையைக் கூட இறக்காமல், சமையலறை டப்பாவிலிருந்து மிக்சரை நின்றவாறே தின்பேன். ஒரு நாள் அம்மா வாங்கி வைத்திருந்த 100 கிராம் பொட்டலம் முழுவதும் போயிற்று. எண்ணெயில் பொரித்த அந்த 100 கிராமில் 500 கலோரிக்கு மேல் உண்டு. காலையில் 250-ஐ மிச்சம் பிடித்தவள் மாலையில் அதைப் போல் இரு மடங்கு செலவிட்டிருக்கிறேன். அதை நான் நோட்டில் எழுதவே இல்லை.

நோட்டு ஒரு நாள் மனையியல் வகுப்பில் மேசையிலிருந்து கீழே விழுந்து, எங்கள் அருட்சகோதரியின் கையில் அகப்பட்டது. திட்டு விழும் என்று நடுங்கினேன். அவர்கள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு சுத்தமாக இருக்கிறது. ஆனால் இரண்டு பத்தி குறைகிறதேம்மா" என்றார்கள்.

"எது சிஸ்டர்?"

"எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய், அப்போது எப்படி இருந்தாய். அதையும் எழுது. மிக்சரையும் எழுது."

மிக்சரைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மறுவாரம் அவர்கள் எனக்கு ஒரு வரலாற்றைச் சொன்னார்கள். அதைத் தேடிப் படித்தேன். அதுவே என் மனத்தை மாற்றியது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஐரோப்பாவில் எண்ணற்றோர் பட்டினியில் வாடினர். அவர்களுக்கு மீண்டும் உணவூட்டும் முறையை அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944 நவம்பரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனசாட்சியின் காரணமாகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அதில் பங்கு பெற்றனர். முதல் மூன்று மாதம் அவர்களுக்கு வழக்கமான உணவு. அதன்பின் ஆறு மாதம் அதில் ஏறத்தாழ பாதி, அதாவது நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி. நடையும் வேலையும் முன்போலவே. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் என்னைத் திடுக்கிடச் செய்தது எடை அன்று. உடல்நலமும் மனநலமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த வாலிபர்கள் உணவைத் தவிர வேறெதையும் எண்ண முடியாதவர்கள் ஆனார்கள். சமையல் நூல்களைக் கட்டிலில் வைத்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். நண்பரோடு பேசவும் விருப்பமற்று, எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். உணவு மீண்டும் கிடைத்தபின்னும் பலருக்கு நெடுநாள் வரை போதும் என்ற உணர்வே வரவில்லை.

நான் என் நோட்டைத் திறந்து பார்த்தேன். நான் எழுதியிருந்த நாள் கணக்கு அந்த 1570-ஐ விடக் குறைவாக இருந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்குக் கூறும் அளவு ஏறத்தாழ 2400. (அந்நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பதை அறிந்தபோது பெருமையாக இருந்தது.) எலும்பு வளரும் வயது இது. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் நமக்கு இரும்புச் சத்தும் மிகுதியாக வேண்டும். 2019-21 ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. வகுப்பில் நாற்பது பேர் என்றால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்கிடுங்கள். அவரவர் எடை சரியா, மிகுதியா என்பதை மருத்துவர் சொல்லட்டும். திருமணப் புகைப்படம் சொல்ல வேண்டாம்.

சகோதரி சொன்ன இரு பத்திகளையும் எழுதத் தொடங்கியபின் ஒன்று புலப்பட்டது. என் பசிகள் ஒரே வகையானவை அல்ல. பதினொரு மணிக்கு வந்தது மெய்யான வயிற்றுப் பசி. மாலை ஐந்து மணிக்கு வந்ததும் மெய்ப்பசியே. ஆனால் காலையில் செலுத்தாத கடனை அது வட்டியோடு வசூலித்தது. இரவு ஒன்பது மணிக்கு வந்ததோ வேறு. அந்தப் பத்தியில் 'நாளை வேதியியல் தேர்வு', 'தம்பியோடு சண்டை', 'சும்மா' என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். எங்கள் பாட்டி, பலகாரத் தட்டை நோக்கி நாங்கள் கை நீட்டும்போதெல்லாம், "வயிற்றுப் பசியா, கண் பசியா?" என்று கேட்பார்கள். அறிஞர் கருவி வைத்து ஆராய்ந்ததைப் பாட்டி ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்கள்.

இவ்விரண்டையும் பிரித்தறிய நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அதற்கு 'உப்புமாச் சோதனை' என்று பெயர். எனக்கு உப்புமா பிடிக்காது. (அம்மா இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.) பசிக்கும்போது, 'இப்போது உப்புமா கொடுத்தால் உண்பேனா?' என்று என்னையே கேட்பேன். உண்பேன் என்றால் அது மெய்ப்பசி; தாமதியாமல் உண்ண வேண்டும். மிட்டாய்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று மனம் அடம் பிடித்தால் அது ஆசை. ஆசைக்குக் கால் மணி நேரம் தவணை சொல்லி, துணி மடிப்பதோ தோட்டத்துக்கு நீர் ஊற்றுவதோ ஏதேனும் ஒரு வேலையில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் அது போய்விடுகிறது. போகாத நாளும் உண்டு. அன்று ஒரு மிட்டாயைத் தட்டில் வைத்து, உட்கார்ந்து, சுவைத்துத் தின்றுவிடுவேன். டப்பாவை மடியில் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவே.

இடைவேளையில் எதை உண்பது? பிஸ்கட்டு மைதாவும் சர்க்கரையும் கலந்தது. விரைவில் செரித்து, அடுத்த பாடவேளையிலேயே மீண்டும் பசிக்கிறது. சுண்டலில் புரதமும் நாரும் இருப்பதால் மெல்லச் செரித்து நெடுநேரம் தாங்குகிறது. வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, ஏறத்தாழ 25 கிராம், 140 கலோரி ஆயினும் வெறும் கலோரி அன்று. அதில் கால் பங்கு புரதம். கொய்யாப்பழம், மோர், பொட்டுக்கடலை, தை மாதத்தில் பனங்கிழங்கு இவையெல்லாம் பிஸ்கட்டுப் பொட்டலத்தைவிட மலிவு. தண்ணீர் குடித்துப் பசியை அடக்கலாம் என்று ஒரு தோழி சொன்னாள். அடக்கிப் பார்த்தேன்; பத்து நிமிடம் அடங்கிற்று. தேநீரை உணவோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தவக்காலத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்ற ஆண்டு எங்களுள் சிலர், மெலிய வேண்டும் என்ற எண்ணத்தை ஒருசந்தி என்ற பெயரால் மறைத்தோம். திருச்சபைச் சட்டத்தைச் சகோதரி எடுத்துக் காட்டியபோது வெட்கமாக இருந்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு உண்டு. ஒருசந்தியோ 18 வயது நிறைந்தவர்களுக்கே கடமை. திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும்கூட ஒரு முழு உணவும், காலை மாலையில் சிறிதளவும் உண்ணத் தடையில்லை. வளரும் பிள்ளைகளைத் திருச்சபையே விலக்கி வைத்திருக்க, நாங்கள் யாருக்காக ஒறுத்தோம்?

உணவில்லாததால் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்காகவே 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் மதுரையில் தொடங்கிற்று. பசித்த வயிறு பாடம் கேளாது என்று நாடே அறிந்து காலைச் சோறு போடும் காலத்தில், வீட்டில் ஆவி பறக்கும் இட்டிலியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு வந்தேன் என்பதை எண்ணினால் இன்றும் உறுத்துகிறது.

இப்போது காலை உணவு உண்டுவிட்டே வருகிறேன். மாலை மிக்சர் டப்பா முன்போல் என்னை அழைப்பதில்லை. அழைத்தாலும் தட்டில் வைத்துத்தான் தின்கிறேன். அம்மாவிடம் பொய் சொன்னதை ஒரு ஞாயிறன்று சொல்லிவிட்டேன். அவர்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த நோட்டை வாங்கி, எழுதிய தாள்களைக் கிழித்துவிட்டு, மீதிப் பக்கங்களில் பால் கணக்கு எழுதத் தொடங்கினார்கள்.