மெஷின் வந்தா சாமி போயிடுமா?



காக்களூர் சிட்கோவுல வேலை பாக்குற தம்பிங்க அடிக்கடி கேக்குற கேள்வி: "கம்பெனி, ஷிப்ட், செல்போன்னு வாழ்க்கை மாறிடுச்சு. இனிமே கோவிலுக்கு ஊர்ல என்ன வேலை?"

நியாயமான கேள்விதான். ஒரு காலத்துல கோவிலுக்கு நிறைய வேலை இருந்துச்சு. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல்ல (பெருமாள் கோவில், நம்ம அப்பன் கோவில் இல்ல) வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு, 11-ம் நூற்றாண்டு. அந்தக் கோவிலைச் சேர்ந்து 15 கட்டில் போட்ட ஆஸ்பத்திரி நடந்திருக்கு. வைத்தியர், அறுவை செய்யறவர், மூலிகை கொண்டு வர்றவங்க, நோயாளியைப் பாத்துக்கிற பெண்கள், எல்லாருக்கும் நெல்லு அளந்து சம்பளம். கூடவே பாடசாலை, மாணவர் விடுதி. வேற பல கோவில்கள் கடன்கூடக் குடுத்திருக்கு.

இன்னைக்கு மெஷின்ல கை அடிபட்டா இஎஸ்ஐ. கடனுக்கு பேங்க், வழக்குக்கு கோர்ட். கோவில் செஞ்ச வேலைங்க ஒண்ணொண்ணா பிரிஞ்சு போயிடுச்சு. சமூகவியல்ல இதை 'உலகியல்மயமாதல்'னு சொல்றாங்க.

இதுக்கு நான் கண்ணீர் விட மாட்டேன். பழைய கோவில் எல்லாருக்கும் திறந்தா இருந்துச்சு? சென்னை மாகாணம் முழுக்க ஆலய நுழைவு உரிமைச் சட்டம் வந்ததே 1947-லதான். அடுத்த வருஷம் இஎஸ்ஐ சட்டம் வந்து, தொழிலாளிக்கு வைத்தியம் உரிமையா ஆச்சு. யாரும் சாதி கேக்கல.

சரி, வேலை போனதும் பக்தியும் போச்சா? மில்டன் சிங்கர்னு ஒரு அமெரிக்க மானுடவியல் அறிஞர் 1964-ல சென்னைல 19 தொழிலதிபர்களைப் பேட்டி எடுத்தாரு. ஃபேக்டரி ஒரு அறை, வீட்டுப் பூஜை இன்னொரு அறைன்னு தனித்தனியா வெச்சிருந்தாங்க. சடங்கைச் சுருக்கினாங்க, ஆனா விடல. ஆயுத பூஜை அன்னைக்கு நம்ம ஏரியாவுல அந்தச் சுவரும் கிடையாது. லேத்துக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் சந்தனம் குங்குமம், எல்லார் கையிலயும் பொரி.

இப்போ கோவிலுக்கு மிச்சம் இருக்கிற வேலை என்ன? வெளியூர்ல இருந்து வந்து ரூம் எடுத்துத் தங்குற காண்ட்ராக்ட் பையனுக்கு இஎஸ்ஐ மாத்திரை குடுக்கும். "ரெண்டு நாளா ஆளையே காணோமே"ன்னு கேக்காது. ஆடிக்கிருத்திகைக்குச் சேர்ந்து காவடி எடுக்குற குழு கேக்கும். காலைல வேல் படம் ஃபார்வர்ட் பண்றதோட நின்னுடற குழு கேக்காது.

திருத்தணி படித் திருவிழா கதை தெரியுமில்ல? வெள்ளைக்காரன் காலத்துல ஜனவரி 1 ஆனா அதிகாரிகளைப் பாத்து வாழ்த்து சொல்ல ஜனங்க ஓடுவாங்க. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்ன செஞ்சாரு? அந்தத் தேதியைத் திட்டல. முதல்ல தணிகை முருகனைப் பாக்கலாம்னு டிசம்பர் 31 அன்னைக்கே அடியார்களைக் கூட்டிக்கிட்டு 365 படியும் திருப்புகழ் பாடி ஏறினாரு. இங்கிலீஷ் காலண்டரையே முருகன் வாசலுக்குக் கொண்டு வந்துட்டாரு. இப்பவும் அந்த ராத்திரி திருவள்ளூர்ல திருத்தணி ரயில் ஏறினா, ஷிப்ட் முடிச்சு வர்ற நம்ம பசங்களைப் பாக்கலாம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!