குழாய் மூட்டும் கிணற்று நீரும்

இடம்பெயர்ந்த நாம் புதிய வளவு ஒன்றில் குடியேறும்போது முதலில் பார்ப்பது கிணற்றைத்தான். பிறகு கொட்டில் போடுகிறோம், மலசலகூடம் கட்டுகிறோம், குசினித் தண்ணீர் வெளியே போகக் குழாய் வைக்கிறோம். குழாயின் விலையை நாலு கடையில் விசாரிக்கும் நாம், அதை எப்படி மூட்டுவது என்று யோசிப்பது குறைவு. ஆனால் கழிவுநீர் பெரும்பாலும் கசிவது குழாயின் நடுவில் அல்ல, மூட்டிலேதான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்போருக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே கசியும் அழுக்கு நீர் சரியாக வடிபடாமலே கிணற்றைச் சேரலாம். அங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. பசளையும் மலக்குழிகளும் இதற்கு முக்கிய காரணங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து.

எனவே எந்த மூட்டு எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பார்ப்போம்.

1. பசை மூட்டு

பி.வி.சி. குழாயையும் சொக்கெற்றையும் அதற்கென விற்கும் பசையால் ஒட்டுவது இது. நிலம் சற்று இறங்கினாலும் கழன்று வராது. மலசலகூடக் குழாய்க்கும், மண்ணுக்குள் மறையும் வளைவுகளுக்கும் ஏற்றது. முனையை நேராக அறுத்து, பிசிறை அராவி, ஈரமும் மண்ணும் இல்லாமல் துடைத்து, இரு பக்கமும் பசை பூசி, முட்டும்வரை தள்ளி, அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். ஒரு நாள் கழித்தே தண்ணீர் விடலாம். பசை எளிதில் தீப்பற்றும். விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் கிட்ட இருக்கக்கூடாது.

2. இறப்பர் வளைய மூட்டு

சொக்கெற்றின் உள்ளே இருக்கும் இறப்பர் வளையம் குழாயை இறுகப் பிடிக்கும். வெயில் படும் நீண்ட குழாய்க்கு இது நல்லது. 6 மீற்றர் பி.வி.சி. குழாய் 25 பாகை சூடேறினால் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் நீளும். ஆகவே குழாயை முட்டும்வரை தள்ளி, கோடு போட்டு, 10 மில்லிமீற்றர் வெளியே இழுத்துவிட வேண்டும். வழுக்குவதற்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும். கிறீஸ் பூசினால் இறப்பர் பழுதாகும்.

3. சீமெந்து மூட்டு

மண் குழாய்க்கும் சீமெந்துக் குழாய்க்கும் உரியது. பி.வி.சி. வழுவழுப்பானது, அதில் சீமெந்து ஒட்டாது, காலப்போக்கில் விலகிக் கசியும். பி.வி.சி. குழாய் குழியின் சுவருக்குள் போகும் இடத்தில் அதன் வெளிப்புறம் பசை பூசி, உலர்ந்த மணலைத் தூவிக் காயவிட்டால் சீமெந்து பிடித்துக்கொள்ளும்.

4. கட்டு மூட்டு

சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டுவது அவசரத்துக்கு மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் குசினிக் குழாயில் சில நாட்களுக்கு வைக்கலாம், மண்ணால் மூடக்கூடாது. பொச்சு நெருப்பில் குழாய் முனையைக் காய்ச்சி விரித்து மூட்டுவதையும் கைவிடுவோம். விரிந்த இடம் மெலியும். குழாய் கருகினால் வரும் புகை நஞ்சு.

நிரந்தரக் காணி இல்லாதோருக்கு

1990 களிலும் 2009 வரையும் இடம்பெயர்ந்தவர்களில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்பிவிட்டனர். இன்னும் பிறர் வளவில் வாழ்வோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் நேரான குழாய்களுக்கு இறப்பர் வளைய மூட்டையே தெரிவு செய்வது நல்லது. போகும் நாளில் கழற்றி எடுத்துச் செல்லலாம். பசையால் ஒட்டியதை அறுக்கத்தான் வேண்டும். சொக்கெற்றும் வீண், குழாயும் குட்டை.

எல்லா மூட்டுக்கும் பொதுவானவை

குழாயின் அகன்ற வாய் நீர் வரும் மேற்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். 4 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் சரிவு கொடுத்தால் அழுக்குத் தங்காது. குழாயைக் கிணற்றுப் பக்கமாகக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 15 மீற்றர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் குறைந்த தூரம். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதுவும் போதாமல் போகலாம்.

மண் மூடுமுன் ஒரு சோதனை செய்வோம். கீழ் முனையைப் பொலித்தீனில் சுற்றிய துணியால் இறுக அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்போம். அடைப்பு ஒழுகாதிருக்கத் தண்ணீர் இறங்கினால், கசியும் மூட்டைத் தேடித் திருத்துவோம். மேசன் போன பிறகு இதைச் செய்து பயனில்லை. அவர் நிற்கும்போதே செய்ய வேண்டும்.

கலந்துரையாடுவோம்

- நம் வளவில் கழிவுநீர்க் குழாய் கிணற்றிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளிப் போகிறது?
- மண்ணுக்குள் மறைந்த மூட்டுக்கள் எத்தனை? அவை எவ்வகை?
- ஒரு போத்தல் பசையையும் ஒரு வாளையும் நாலு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் செலவு எவ்வளவு குறையும்?