கப்பற்பாயில் ஒரு துடிப்பு

மார்ச் மாத முன்னிரவில் தெற்கு நோக்கி நின்றால், அடிவானத்துக்கு மேலே அகத்திய விண்மீன் சுடர்வதைக் காணலாம். பொம்மனஹள்ளியின் தெருவிளக்குகள் கூட அதனை மறைப்பதில்லை. அதற்கு இடப்பக்கம் பரந்து கிடப்பது 'வேலா' என்னும் விண்மீன் குழு. இலத்தீனில் வேலா என்றால் கப்பற்பாய்கள் என்பது பொருள்.

அத்திசையில் முன்னொரு காலத்தில் பெருவிண்மீன் ஒன்று வெடித்தது. சிதறிய வளிமம் இன்றும் மெல்லிய இழைகளாக விரிந்துகொண்டிருக்கிறது. 1968இல் ஆஸ்திரேலிய வானியலாளர்கள் அவ்வெச்சத்தினுள்ளே, நொடிக்கு 11 முறை துடிக்கும் ரேடியோ அலைகளைக் கண்டறிந்தனர்.

வெடித்த விண்மீனின் நடுப்பகுதி நியூட்ரான் விண்மீனாகச் சுருங்கும் என்று 1934லேயே பாடே, ஸ்விக்கி என்னும் இருவர் எழுதியிருந்தனர். அது சூரியனைவிட மிகுந்த நிறை உடையது. குறுக்களவோ ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். அதன் ஒரு முனையைப் பொம்மனஹள்ளியில் வைத்தால், மறுமுனை எலகங்காவுக்குச் சற்று முன்பே முடிந்துவிடும்!

துடிப்பு தோன்றிய இடமும் எச்சமும் தற்செயலாக ஒன்றியிருக்கலாமே என நீங்கள் ஐயுறலாம். ஐயுறுவது நன்று. துடிவிண்மீனின் சுழற்சி நாள்தோறும் நுண்ணிய அளவில் தளர்கிறது. அத்தளர்ச்சியைக் கொண்டு கணக்கிட்டால் அதன் வயது சுமார் 11,000 ஆண்டுகள். எச்சத்தின் விரிவும் ஏறத்தாழ அத்தகைய தொன்மையையே காட்டுகிறது.

எனினும், துடிப்பது சுழல்வதாலா, சுருங்கி விரிவதாலா? இவ்வினாவுக்கு விடை காண உதவியவர்களுள் ஒருவர் வெ. இராதாகிருஷ்ணன். சர் சி. வி. இராமனின் மகனாகிய இவர், 1929இல் சென்னையில் பிறந்தவர். பாய்மரப் படகில் பெருங்கடல் கடந்து ஆஸ்திரேலியா சென்ற இவருக்கு, கப்பற்பாய் விண்மீன் குழு வாய்த்தது பொருத்தமே. பார்க்ஸ் நகரின் 64 மீட்டர் தொலைநோக்கியால் இவரும் குக் என்பவரும் அவ்வலைகளை ஆராய்ந்தனர். ஒவ்வொரு துடிப்பின்போதும் அலை அதிரும் திசை ஒழுங்காகத் திரும்பியது. சுழலும் விண்மீனின் காந்தமுனை நம் பார்வையைக் கடந்து சென்றால்தான் அவ்வாறு நிகழும். மெரினாவின் கலங்கரை விளக்கம் ஒளியைச் சுழற்றுவதை விடுமுறையில் பார்த்திருப்பீர்கள், அதுவே இதுவும்.

1969 பிப்ரவரி இறுதியில் ஒரு வியப்பு நேர்ந்தது. தளர்ந்துகொண்டே வந்த சுழற்சி, ஒரு வார இடைவெளிக்குள் திடீரென விரைவுபெற்றது! சுமார் 19 நாள்களில் இழந்ததை அது ஒரே தாவலில் மீட்டுக்கொண்டது. இராதாகிருஷ்ணனும் மான்செஸ்டரும் இதனை அறிவித்தனர். அமெரிக்கக் குழு ஒன்றும் தனியே கண்டது. உள்ளே உராய்வின்றிச் சுழலும் நீர்மம், மேலோட்டுக்குத் தன் சுழற்சியைச் சட்டென அளிப்பதே காரணம் எனக் கருதுகின்றனர்.

இராதாகிருஷ்ணன் 1972இல் பெங்களூரு திரும்பி, இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார். அந்நிறுவனம் மேக்ரி சர்க்கிள் அருகில் உள்ளது.

பயிற்சி
1. பிரித்தெழுதுக: கப்பற்பாய், அவ்வெச்சம்.
2. துடிவிண்மீனும் எச்சமும் ஒரே வெடிப்பில் தோன்றியவை எனக் கருதுவது ஏன்?
3. 40 நிமிடப் பாடவேளையில் இத்துடிவிண்மீன் எத்தனை முறை சுழலும்? விடையை எழுத்தால் எழுதுக.